பரபக்கம் மட்டும் சொன்னவள்

பித்தளைச் சொம்பு என் மேசைக்கு வந்து சேர்ந்தபோது அதன் அடியில் மூன்று சீட்டுகளே மிஞ்சியிருந்தன. கையை விட்டு ஒன்றை எடுத்தேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். காகிதத்துக்குத் தட்டுப்பாடு. பழைய பரீட்சைத் தாள்களைக் கிழித்துப் பின்புறத்தில் சீட்டு எழுதியிருந்தார்கள். என் சீட்டின் ஒரு பக்கத்தில் யாரோ ஒருத்தி பாதியில் விட்டுவிட்ட முக்கோணம். மறுபக்கத்தில் தமிழம்மாவின் உருண்டையான எழுத்தில் ஒரு வரி: 'கடவுள் இல்லை என்போர்.'

எடுத்த சீட்டை உரக்கப் படிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. படித்தேன். முன் பெஞ்சில் தொடங்கிய சிரிப்பு பின் பெஞ்சுவரை போய்த் திரும்பியது.

"வாயைத் தொறக்காத பிள்ளைக்கு வந்திருக்கிற சீட்டைப் பாருங்கடி!" என்றாள் ஜுலைகா. என் பக்கத்து இடம் அவளுடையது. காஜிமார் தெருவிலிருந்து திரை கட்டிய ஜட்கா வண்டியில் தினமும் வந்து போகிறவள்.

நான் எழுந்து நின்றேன். "அம்மா, இதைப் போட்டுவிட்டு வேறு எடுத்துக்கொள்ளலாமா?"

தமிழம்மா எங்கள் தமிழ் ஆசிரியை. கேள்விக்குக் கேள்வியால் பதில் சொல்லும் பழக்கம் அவருக்கு உண்டு. "சொந்தச் சமயம் வந்தவர்கள்தாம் திருப்பிப் போடலாம். இது உன் சொந்தக் கொள்கையா?"

"இல்லை."

"அப்படியானால் வைத்துக்கொள்."

வைத்துக்கொண்டேன். அந்தத் துண்டுக் காகிதத்தால் என் படிப்பே நின்றுபோகும் நிலை வரும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

இரண்டு விதிகள்

எங்கள் பெண்கள் கல்லூரியில் இலக்கிய மன்றத்தின் ஆண்டுக் கூட்டம் அதுவரை ஒரே அச்சில் நடந்துவந்தது. அதற்குச் சர்வ சமயக் கூட்டம் என்று பெயர். ஒவ்வொருத்தியும் தான் பிறந்த மதத்தைப் புகழ்வாள். கடைசியில் எல்லோருமாக, எல்லாம் ஒன்றுதான் என்று சொல்லிக் கைதட்டுவோம். பிறகு சுண்டல்.

அந்த 'எல்லாம் ஒன்றுதான்' என்ற வாக்கியத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உள்ளே ஏதோ முரண்டும். படிக்காமல் பரீட்சைக்கு வந்தவள் எழுதுகிற விடை அது. எது எதனோடு எந்த இடத்தில் ஒன்று என்று திருப்பிக் கேட்டால் பதில் இராது.

தமிழம்மாவுக்கும் அலுத்திருக்க வேண்டும். அந்த ஆண்டு இரண்டு விதிகளைக் கொண்டுவந்தார். ஒன்று, யாரும் தன் சமயத்தைப் பேசக் கூடாது. சீட்டு எடுத்து, வந்ததைப் பேச வேண்டும். மற்றது கடினமானது. மேடை ஏறுமுன், அந்தக் கொள்கையை உண்மையாகவே நம்புகிற ஒருவரிடம் முழுப் பேச்சையும் ஒப்பிக்க வேண்டும். "ஆம், நாங்கள் இப்படித்தான் நம்புகிறோம்" என்று அவர் வாயால் வந்த பிறகே பேச்சுக்கு அனுமதி. மறுப்பு ஒரு வார்த்தைகூடக் கூடாது.

இது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு அன்று. நம் பழைய சமயவாதிகளின் முறை. பிறர் கொள்கையை முதலில் அவர் தரப்பிலேயே நின்று விரித்துரைப்பார்கள், அது பரபக்கம். பிறகு அதை மறுத்துத் தம் கொள்கையை நிறுவுவார்கள், அது சுபக்கம். எங்களுக்குத் தமிழம்மா பரபக்கத்தை மட்டும் கொடுத்தார். "சுபக்கத்துக்கு உங்களுக்கு வயது போதாது" என்றார். எனக்கு அப்போது வயது பத்தொன்பது. அந்தச் சொல் உறுத்தியது. ஆனாலும் அது உண்மை என்பதைச் சில வாரங்களுக்குள் ஓர் ஊரே கேட்கும்படி நானே ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது.

வேப்பமரத்தடிப் பரீட்சை

ஜுலைகாவுக்குச் சைவம் வந்திருந்தது. எங்கள் வீடு தேவாரம் ஒலிக்கிற வீடு. ஆகவே அவளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு என்மேல் விழுந்தது. எஸ்தர் என்ற கிறிஸ்தவப் பெண்ணுக்கு இஸ்லாம். அவளுக்கு ஜுலைகா. மத்தியான இடைவேளையில் மூவரும் கல்லூரி வேப்பமரத்தடியில் கூடுவோம். உலகம் எப்படி வந்தது, துன்பம் ஏன், செத்த பிறகு என்ன என்ற மூன்று கேள்விகளுக்கு எல்லோரும் விடை சொல்லியாக வேண்டும்.

"இறைவன் உயிரைப் படைக்கவில்லை. உயிரும் அவனைப் போலவே தொடக்கம் இல்லாதது" என்றேன்.

ஜுலைகா பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். "படைக்கலையா? பெறகு உங்க சாமிக்கு என்னதான்டி வேலை?"

"உயிரை அழுக்கு பற்றியிருக்கிறது. அதை நீக்கித் தன்னிடம் சேர்ப்பது அவன் வேலை."

"புஸ்தகமாட்டம் பேசாதே. எனக்கு வெளங்குற மாதிரிச் சொல்லு."

யோசித்தேன். "வாத்தியார் பிள்ளைகளைப் பெறுவதில்லை. வந்த பிள்ளைகளைத் தேற்றி அனுப்புகிறார்."

"பெயிலாப் போச்சுன்னா?"

"திரும்பவும் அதே வகுப்பு."

"எம்புட்டுத் தடவை?"

"தேறும்வரை."

"யா அல்லா! இதுதான் மறுபிறப்பா?" அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள். "எங்களுக்கு ஒரே பரீட்சைதான்டி. ஒரே நாள்ல ரிசல்ட்டு. அவங்கவுங்க பேப்பர் அவங்கவுங்க கையில."

அதுவரை வாய் திறவாமல் எழுதிக்கொண்டிருந்த எஸ்தர் நிமிராமலே சொன்னாள்: "எங்களுக்கு நாங்க எழுதி யாரும் பாஸாக முடியாது. அதனால ஒருத்தர் வந்து எங்களுக்காக எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாரு."

மூவரும் சிரித்தோம். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தோம். விளையாட்டாகச் சொன்ன மூன்று வாக்கியங்களில் மூன்று மதங்களும் எவ்வளவு தூரம் விலகி நிற்கின்றன என்பது வெட்டவெளிச்சமாகிவிட்டது. ஒன்றில் தோல்விக்கு முடிவே இல்லை, ஆனால் வாய்ப்புக்கும் முடிவில்லை. ஒன்றில் வாய்ப்பு ஒன்றுதான், ஆனால் நடுவர் கருணை உடையவர். மற்றொன்றில் தேர்வின் பாரத்தையே வேறொருவர் தூக்கிக்கொண்டார். இவற்றை ஒன்று என்று சொல்பவர் மூன்றையும் அவமதிக்கிறார்.

சமணத்தை எடுத்திருந்தவள் டவுனில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒரு மார்வாடிக் குடும்பத்து அம்மாளிடம் போய் ஒப்பித்தாள். வாத்தியாரே கிடையாது, தானே படித்துத் தானே தேற வேண்டும் என்று அந்த அம்மாள் சொல்லியனுப்பியதாக வந்து சொன்னாள். பௌத்தத்துக்கு மதுரையில் ஆள் கிடைக்கவில்லை. இலங்கையிலிருந்து வந்திருந்த நர்ஸ் ஒருவரைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். எழுதுகிறவள் என்று ஒருத்தி நிலையாக இருந்தால் அல்லவா பரீட்சை என்று அவர் கேட்டாராம். அதைக் கேட்டு ஜுலைகா அரை மணி நேரம் பேசாமல் இருந்தாள். அவள் வாழ்நாளில் அது பெரிய மௌனம்.

"உனக்கு யாருடி ஒப்புவாங்க, வடிவு? சாமி இல்லைன்னு சொல்ற ஆளு மதுரையில இருக்காகளா?"

இருந்தார்கள்.

அவனியாபுரத்து டீச்சர்

ஊருக்குத் தெற்கே அவனியாபுரத்தில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை ஒருவர் இருந்தார். ஐயரும் இல்லாமல், தாலியும் இல்லாமல், மாலை மட்டும் மாற்றிக் கலியாணம் செய்துகொண்டவர். ஊரில் அவருக்குப் பெயர் 'தாலியில்லா டீச்சர்'. முகத்துக்கு நேரேயும் அப்படித்தான் அழைத்தார்கள், அவரும் "என்னய்யா?" என்று திரும்பிப் பார்ப்பார்.

நான் போனபோது சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு கை வெங்காயத்தைத் தள்ளிவிட்டு, "சொல்லு" என்றார்.

சொன்னேன். கடவுளர் கதைகளில் உள்ள முரண்பாடுகளையெல்லாம் அடுக்கி, நன்றாகக் கூர்தீட்டிய பேச்சு. முடிக்கும்போது எனக்கே மூச்சு வாங்கியது.

"நான் ஒப்ப மாட்டேன்" என்றார்.

"எதில் பிழை, டீச்சர்?"

"பிழை இல்லம்மா. ஆனா இதெல்லாம் சாமியப் பத்தின பேச்சு. எங்களப் பத்தி ஒண்ணும் இல்லையே. எந்நேரமும் சாமியத் திட்டிக்கிட்டே உக்காந்திருக்கோம்னு நெனச்சியா? எனக்குப் பள்ளிக்கூடம் இருக்கு, உலை வைக்கணும்."

வெங்காயத் தோலை முறத்திலிருந்து ஊதித் தள்ளினார். பிறகு அவராகவே சொன்னார். அவருடைய மூன்று வயதுப் பெண் காலராவில் போயிருந்தாள். தெருவே கூடி மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றியது. கூழ் காய்ச்சிய தண்ணீரும், குழந்தை குடித்த தண்ணீரும் ஒரே கிணற்றுத் தண்ணீர்.

"அன்னைக்கு எல்லாரும் அம்மன்கிட்ட அழுதாக. எனக்கும் அழுகை வந்துச்சு. ஆனா எங்கிட்ட யாரு விலாசமும் இல்ல. எங்களுக்குத் துக்கம் இல்லைன்னு எழுதிப்புடாதே. அம்புட்டுத் துக்கமும் இருக்கு. அத எழுதி அனுப்ப ஒரு விலாசம் இல்ல, அவ்வளவுதான்." சற்று நிறுத்தினார். "மறுநாள் எந்திரிச்சுப் போயி அந்தக் கிணத்துல மருந்து போட வச்சேன். நாலு நாளு தாசில்தார் கச்சேரி வாசல்ல நின்னேன். சாமி இல்லைங்கிறது ஆரம்பம்தான் தாயி. அதுக்கப்புறம் எல்லா வேலையையும் நாமதான் பாக்கணும்."

வெங்காயத்தால் கண்ணெரிகிறது என்று சொல்லிக்கொண்டு கண்ணைத் துடைத்தேன். அவர் அதை நம்பியதுபோல் இருந்துவிட்டார்.

மூன்றாம் முறை எழுதிக் கொண்டுபோனதைக் கேட்டபிறகே "ஆமா, இப்படித்தான்" என்றார்.

கேள்வி கேட்டு எழுதும் வாசகர்களுக்கு

பத்திரிகையில் இந்த நினைவுத் தொடர் வரத் தொடங்கியது முதல் எனக்கு வருகிற கடிதங்களில் பாதி ஒரே கேள்வியைக் கேட்கின்றன: 'அம்மணி, தாங்கள் எந்தக் கட்சி? உண்டா, இல்லையா?' சிலர் அன்போடு கேட்கிறார்கள். சிலர் பதில் தெரிந்தால் வைதுகொள்ள வசதியாக இருக்கும் என்று கேட்கிறார்கள்.

நான் படித்த ஊரில் இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. சைவரும் சமணரும் வாதிட்டு, வைகையில் ஏடு விட்டார்கள் என்பது கதை. ஓர் ஏடு வெள்ளத்தை எதிர்த்து ஏறிற்று. மற்றது நீரோடு போயிற்று. தோற்றவர்கள் கழுவேறினார்கள். கதையைக் கேட்கும் குழந்தைகள் ஜெயித்த ஏட்டைப் பற்றியே கேட்பார்கள். நீரோடு போன ஏட்டில் உண்டு என்றும் இல்லை என்றும் இரண்டையும் சேர்த்து எழுதியிருந்ததாகச் சொல்வார்கள். மூழ்கத்தக்க வாசகம்தான் என்று சொல்பவர்கள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

கடிதம் எழுதியவர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி, என் விடையை இங்கே சொல்லப்போவதில்லை. ஏன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

மேடை

கூட்டத்துக்குப் பெற்றோரையும் ஊர்க்காரர்களையும் அழைத்திருந்தார்கள். ஜுலைகா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சைவம் பேசினாள். வாத்தியார் உவமையை அவள் விடவில்லை. எத்தனை முறை தோற்றாலும் வகுப்பை விட்டுத் துரத்தாத ஒருவனை நினைத்துப் பார்க்கச் சொன்னாள். முன் வரிசையில் திருநீறு பூசிய பெரியவர்கள் மேல்துண்டால் கண்ணைத் துடைத்தார்கள்.

பின்னர் நான். கிணற்றைப் பற்றிப் பேசினேன். விலாசம் இல்லாத துக்கத்தைப் பற்றிப் பேசினேன். மேலிருந்து யாரும் வரப்போவதில்லை என்று அறிந்தவருக்குப் பக்கத்தில் இருப்பவரின் கை எவ்வளவு பெரிது என்று சொல்லி அமர்ந்தேன்.

கைதட்டல் நின்றபாடில்லை. கூட்டத்தின் பின்புறம் ஒரு பெண் எழுந்து போவது தெரிந்தது. கழுத்தில் ஒன்றும் இல்லை. மறுநாள் பள்ளிக்கூடம் இருந்தது அவருக்கு.

அந்தக் கூட்டத்தில் கோச்சடைக்காரர் ஒருவரும் இருந்தார்.

பெரியப்பாவின் வண்டி

கோச்சடை, மதுரைக்கு மேற்கே வைகைக் கரையில் எங்கள் ஊர். எனக்கு நினைவு தெரியுமுன்னே அப்பா காலமாகிவிட்டார். அம்மாவும் நானும் பெரியப்பா வீட்டில். பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்பாதே என்று பங்காளிகள் அத்தனை பேரும் சொன்னபோது, அவர்கள் எதிரில் வண்டி பூட்டி என்னைக் கொண்டுவந்து விட்டவர் அவர். ஊர்ச் சிவன் கோயிலில் தேவாரக் குழுவுக்குத் தலைவர். நல்ல சாரீரம். இதையெல்லாம் சொல்லாமல் அவரைக் கொடியவராக்கிவிடுவது எளிது. நான் அப்படிச் செய்யப்போவதில்லை.

மூன்றாம் நாள் வண்டியோடு வந்து நின்றார். நான் தங்கியிருந்த ஹாஸ்டலில் கேட்டு என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டார். மாடுகள் ஆற்று மணலில் இறங்கியபோது பேச்சை ஆரம்பித்தார்.

"சபையில நின்னு சாமி இல்லைன்னியாமே?"

"சீட்டில் வந்தது, பெரியப்பா. வந்ததைத்தான் பேச வேண்டும்."

"ஊரு சிரிக்குது. தேவாரம் பாடுறவன் வீட்டுல நாத்திகம் வெளைஞ்சிருக்குங்கிறாக."

"ஜுலைகா சைவம் பேசினாள். ரொம்ப நன்றாகப் பேசினாள் என்று உங்களுக்குச் சொன்னார்களா?"

"சொன்னாக. கண்ணுல தண்ணி வந்துருச்சுன்னாக."

"அவள் சைவத்துக்கு வந்துவிட்டாள் என்று நினைத்தீர்களா?"

"அது வேற."

"எப்படி வேறு?"

"அவ நல்லதைச் சொன்னா." மாட்டை அதட்டினார், மாடு ஒரு தவறும் செய்யவில்லை. "இந்தா பாரு தாயி, பரபக்கம்னா என்னன்னு எனக்கும் தெரியும். பெரியவுக நாத்திகத்தையும் எடுத்துச் சொன்னாக. இல்லைங்கல. ஆனா சொல்லிட்டு வெட்டுனாக. நீ சொல்லிப்புட்டு வெட்டாம எறங்கி வந்திருக்கே. பாதிச் சோத்துல எந்திரிச்ச மாதிரி."

அவர் வாதத்தில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

"வார பிரதோஷத்தன்னைக்கு நம்ம கோயில் மண்டபத்துல எல்லாரும் இருப்பாக. எந்திரிச்சு மிச்சப் பாதியச் சொல்லு. 'நான் சைவத்தி, இதுதான் என் கொள்கை'ன்னு ஒத்தை வரி. மறுநாள் நானே வண்டி பூட்டிக் கொண்டாந்து விடுறேன். சொல்லலைன்னா படிப்பு போதும்."

கல்லூரி எனக்கு உபகாரச் சம்பளம் கொடுத்துவந்தது. ஆகையால் படிப்பு அவர் கையில் இல்லை என்று சட்டம் பேசலாம். ஆனால் அவர் வீட்டுச் சோற்றில் என் அம்மா இருந்தாள். விதவை. அவளுக்குப் போக வேறு இடம் கிடையாது.

பிரதோஷ மாலை

மண்டபத்தில் முப்பது நாற்பது பேர் இருப்பார்கள். அபிஷேகப் பாலின் வாசனையும் எண்ணெய்ப் பிசுக்கும் கலந்து வந்தன. பெண்கள் தூண்களுக்கு அந்தப்புறம். அவர்களுக்குள் அம்மா எங்கே என்று நான் தேடவில்லை; தேடினால் குரல் போய்விடும்.

தேவாரம் முடிந்தது. பெரியப்பா என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

நான் சைவத்தை எடுத்து உரைத்தேன். பெரியப்பா நம்புகிறபடி, அவர் பாடும்போது அவர் முகத்தில் நான் கண்டிருக்கிறபடி. மழைக்காலத்தில் வயலுக்குப் போய் வந்து, ஈரத் துண்டோடு சந்நிதியில் நிற்கிற ஒருவருக்கு அந்தக் கொள்கை என்னவாக இருக்கிறது என்று சொன்னேன். அழுக்குப் பட்டது உயிரின் குற்றமாகாது. அதை விட்டுப் பிரியாமல் ஒருவன் கூடவே நிற்கிறான். தம்பியைப் பறிகொடுத்த ஒருவர் அந்த நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டு தம்பி குடும்பத்தையும் தன் தோளில் ஏற்றிக்கொண்டார் என்றும் சொன்னேன். பத்து நிமிஷம் இருக்கும். பெரியப்பாவின் கண்கள் நிறைந்திருந்தன. மண்டபத்தில் யாரோ "நமச்சிவாய" என்றார்கள்.

"சரியாகச் சொன்னேனா, பெரியப்பா?"

"சரியாச் சொன்னே தாயி. இப்படித்தான்."

"இதுவும் பரபக்கம்தான்" என்றேன். "இது உங்கள் கொள்கை. என் கொள்கை எது என்று எனக்கு இன்னும் தெரியாது."

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"நான் அன்னைக்கே தலையால அடிச்சுக்கிட்டேன், பொட்டப்பிள்ளைக்குக் காலேஜு எதுக்குன்னு!" இது பங்காளி ஒருவர்.

"ஏம்மா, ஒத்தை வரி! சொல்லிட்டுப் போறதுக்கு வாய் வலிக்குதா?" என்றார் இன்னொருவர். "நாங்க எல்லாரும் தெரிஞ்சுக்கிட்டா சொல்றோம்?"

அவருக்குப் பின்னால் சிரிப்பு எழுந்து அடங்கியது. அந்தச் சிரிப்பு எனக்குத் துணையாக வந்தது.

"ஐயா, இத்தனை வாரமாக ஆறேழு கொள்கைகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தேன்" என்றேன். "உலகத்தைப் பற்றி அவர்கள் ஒத்துப்போகவில்லை. உயிரைப் பற்றி ஒத்துப்போகவில்லை. சாவைப் பற்றிச் சுத்தமாக ஒத்துப்போகவில்லை. ஒன்றில் மட்டும் ஒருவர்கூட விலகவில்லை. தெரியாததைத் தெரியும் என்று சாட்சி சொல்லாதே என்பதில். ஜுலைகாவின் வேதமும் எஸ்தரின் வேதமும் அதைச் சொல்கின்றன. மார்வாடி அம்மாளும் இலங்கை நர்ஸும் சொன்னார்கள். கடவுளே இல்லை என்கிற டீச்சர், நான் சொன்னது தவறு என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினார். நம் சைவம் மட்டும் அதற்கு விலக்கா? இந்தச் சந்நிதியில் நின்று, நம்புவதாக ஒரு பொய் சொன்னால்தான் நான் சைவத்தி என்றால், அந்தப் பெயர் எனக்கு வேண்டாம். என்றைக்காவது எனக்கே தெளிந்தால் நானே வந்து இங்கே நின்று சொல்கிறேன். யாரும் வண்டி அனுப்ப வேண்டாம்."

கை கூப்பிவிட்டு இறங்கினேன். இன்று எழுதும்போது துணிவாகத் தோன்றுகிறது. அன்று அடுத்த படி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

பெரியப்பா என்னைத் திட்டவில்லை. கோயிலிலிருந்து வீடுவரை முன்னால் நடந்தார். வாசலில் நின்று, திரும்பாமல், "வண்டி பூட்ட மாட்டேன்" என்றார். அவ்வளவுதான்.

"பூட்ட வேணாம் அத்தான்" என்று இருட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. பெரியப்பாவிடம் அம்மா நேராகப் பேசி நான் கேட்டது அதுவே முதல் தடவை.

நான்கு மைல்

விடிந்ததும் அம்மா என் தகரப் பெட்டியை வாசலில் கொண்டுவந்து வைத்தாள். ஒரு காதை அவள் பிடித்தாள். மறு காதை நான் பிடித்தேன்.

கோச்சடையிலிருந்து கல்லூரிக்கு நான்கு மைல். வெள்ளைச் சேலைக்காரி ஒருத்தி காலங்கார்த்தாலே பெட்டி சுமந்து ஊர் நடுவே போவதை நல்ல சகுனமாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. எதிரே ஏர் பூட்டிக்கொண்டு வந்தவர் நின்றார், முணுமுணுத்தார், திரும்பிப் போனார். அம்மா பெட்டியைக் கை மாற்றிக்கொண்டாள். நடையை மாற்றவில்லை.

"நேற்று நீங்களும் கேட்டீர்களா?" என்றேன்.

"தூணு மறைச்சுச்சு. காது கேட்டுச்சு."

"கோபமா?"

"பாதி வெளங்கல. வெளங்குன பாதியில கோபம் இல்ல."

பாதி வழியில், அரசமரத்தடிப் பிள்ளையார் முன் பெட்டியை இறக்கச் சொன்னாள். நெற்றியில் மூன்று முறை குட்டிக்கொண்டாள். தோப்புக்கரணம் போட்டாள். நான் பெட்டியின் பக்கத்தில் நின்றேன்.

"உனக்கும் சேத்துக் கும்பிட்டுட்டேன்" என்றாள். "உனக்கு வேணாம்னா சொல்லு, அதையும் நானே வச்சுக்கிறேன்."

அவள் கேலி செய்கிறாளா என்று பார்த்தேன். செய்யவில்லை. வேண்டுமென்றோ வேண்டாமென்றோ நான் சொல்லவில்லை. அவள் கேட்டதில் அவசரமும் இல்லை.

வெயில் ஏறிவிட்டது. எங்கள் இருவர் உள்ளங்கையிலும் தகரத்தின் விளிம்பு சிவப்பாகப் பதிந்திருந்தது. அவள் இதே நான்கு மைல் திரும்பி நடக்க வேண்டும். நடந்து போய் அதே அடுப்படியில் நுழைய வேண்டும். அங்கே என்ன காத்திருக்கும் என்று நான் வழி நெடுக எண்ணிக்கொண்டு வந்தேன். அதைப் பற்றி நான் வாயெடுத்தபோதெல்லாம் "வெரசா நட" என்றாள்.

ஹாஸ்டல் வாசலில் காவலாளி நோட்டைத் திறந்தார். ஊருக்குப் போய்த் திரும்புகிற ஒவ்வொரு பெண்ணையும் யார் கொண்டுவந்து விட்டது என்று அதில் எழுத வேண்டும். தகப்பனார், தமையனார், சிற்றப்பா என்று அந்தப் பக்கம் முழுவதும் ஆண்களின் பெயர்கள்.

காவலாளி தெருவை இருபுறமும் பார்த்தார். வண்டி இல்லை. "பிள்ளைய யாரும்மா கூட்டியாந்தது?"

அம்மா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அவளா வந்தா" என்றாள். "பெட்டி கனம்னு நான் கூட வந்தேன்."